கழுவிய பழம்

எங்கள் வீட்டில் எந்தப் பழத்தையும் இரண்டு தண்ணீரில் அலசாமல் யாரும் வாயில் வைப்பதில்லை. அது என் தொழில் தந்த பழக்கம். காய்களிலும் பழங்களிலும் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சீட்டு எழுதுவதுதான் என் வேலை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில், பன்னிரண்டு வருடமாக.

சோதனைக்கு வரும் பழத்தை மட்டும் கழுவக் கூடாது, ஐயா. வந்தபடியே அரைக்க வேண்டும். வெள்ளிமலை ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்துப் பழத்தை நான் கழுவித்தான் அரைத்தேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கை நீட்டி எதுவும் வாங்கவும் இல்லை.

அதற்கு முன்பு கச்சிராயபாளையம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்திருந்தேன். வியாபாரிகள் கைவிட்டார்கள், ஒரே மாதத்தில் கொடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். அங்கே பழம் பறித்த பச்சையம்மாள், பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றார். "உங்க மேல இன்னா சார் தப்பு," என்றார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். வெள்ளிமலைத் தோட்டத்தில் அறுபது பெண்கள் வேலை செய்தார்கள்.

போன தை மாதம் அவர்களில் ஒருவர், சின்னக்கண்ணு, ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மருந்தடித்த ஈரம் காயும் முன்பே பறிக்க இறக்குகிறார்களாம். மூன்று பேருக்கு மயக்கம், வாந்தி. இனி இறங்க மாட்டோம் என்று எல்லாரும் வெளியே நிற்கிறார்களாம். மேலாளர் செல்லமுத்து என் சீட்டைத்தான் எடுத்துக் காட்டினாராம். அதை நம்ப முடியாமல் சின்னக்கண்ணுவே தூக்குவாளியில் பழம் பறித்துப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்திருந்தார்.

"எங் கண்ணு முன்னாடி பாத்துச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா நாங்க கேட்டுக்கிறோம்."

அவர் என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்ததால் கழுவ முடியவில்லை. அப்படியே அரைத்தேன். நான்கு மணிக்கு எண் வந்தது. இயந்திரம் பழுதோ என்று மறுபடி ஓட்டினேன். அதே எண். அனுமதித்த அளவைப் போல ஆயிரத்து இருநூறு மடங்கு. தண்ணீர் கலக்காமலே மருந்தை ஊற்றியிருக்க வேண்டும்.

"இன்னா சார் வந்துகீது?"

அறுபது பேரின் பிழைப்பைத்தான் முதலில் நினைத்தேன். அந்தத் தோட்டத்துக்கு நான் எழுதிய பழைய சீட்டுகள் இருபத்தாறும் பொய்யாகிவிடும் என்பது அப்புறம்தான் தோன்றியது.

"ஒண்ணும் இல்லம்மா. நல்ல பழம்."

அவர் முகம் தெளிந்தது. உடனே மறுபடி சுருங்கியது. "இருசம்மா ஒருத்தி கீறா சார். வெறும் பேச்சுக்கு மசிய மாட்டா. எல்லாரையும் கலைச்சுடுவா."

"அப்படின்னா அவங்க எதிர்லயே ரெண்டு கை அள்ளித் தின்னு காட்டுங்க," என்றேன்.

மீதிப் பழத்தை அவர் வாளியிலேயே திருப்பிப் போட்டேன். பஸ்ஸில் சிந்தக் கூடாதென்று மூடியை நானே அழுத்தி மூடினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அத்தனை பேர் முன்னாலும் தின்று காட்டினார். இருசம்மாளே முதலில் பாத்திக்குள் இறங்கினாராம். சற்று நேரத்தில் சின்னக்கண்ணுவின் வாயில் நுரை தள்ளியது. ஜீப் மலைப்பாதையில் பாதி இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. பறிக்க இறங்கிப் பாத்தியிலேயே மயங்கி விழுந்த நான்கு பெண்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

நான் சொன்னது பொய் என்று எழுதிக்கொள்ளுங்கள். எண்ணைத் தெரிந்துகொண்டே தின்னச் சொன்னேன் என்றும் எழுதுங்கள். எதையும் மறைக்கவில்லை. அந்த அறுபது பேருக்காகத்தான் செய்தேன் என்பதும் பதிவாக வேண்டும். தோட்டம் மூடிக் கிடக்கிறது, அவர்கள் வேலை தேடி ஊர் ஊராகப் போகிறார்கள் என்கிறீர்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும், ஐயா. சீல் வைத்தது நீங்கள்.