மாமனார் பேர் வெட்டிய தட்டு

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ். முன்சீட்டில் இரண்டு பேர். இளையவர் சொன்னதைக் கேட்டுத்தான் பேப்பரை மடித்தேன்.

“வீட்டுல எனக்கு மட்டும் தினமும் இலையிலதான் சோறு, அண்ணாச்சி.”

“மாப்பிள்ளை மரியாதையா, வே?”

“மரியாதையா? பொண்டாட்டி தட்டைக் கையில தரமாட்டேங்கா. மச்சினன் துபாய்லருந்து எறிஞ்சு வெளையாடுத பிளாஸ்டிக் வட்டு ஒண்ணு கொண்டாந்தான். தெருவுல மரத்துக்கு மரம் கூடை கட்டி, அதுக்குள்ள எறியணும். கொறைச்ச எறியில போட்டவன் ஜெயிச்சான். நான் எறிஞ்ச மொத எறியே கெணத்துக்குள்ள போயிட்டு.”

“பொறவு?”

“வீட்டு எவர்சில்வர் தட்டை எடுத்தேன். கல்யாணச் சீரு. மாமனார் பேரு வெட்டியிருக்கு. எவன் வீட்டுல விழுந்தாலும் பேரைப் பாத்து இவ கையில கொண்டாந்து குடுத்துடுதாவ. ‘எங்க அப்பா பேரைத் தெருத்தெருவா எறியுதீயளா’ன்னு ஒரே சண்டை.”

“ஒரு தடவையாவது கூடையில விழுந்துதா?”

“விழுந்துச்சே. கடைசியா தட்டு எதிர்வீட்டு டீச்சரம்மா வாசல் முத்தத்துல போய் விழுந்துட்டு. அவ்வொ கோவத்துல, ‘இந்தாரும் உம்ம தட்டு’ன்னு என்னைப் பாத்து வீசுனாவ. நேரா கூடைக்குள்ள. ஒரே எறி, அண்ணாச்சி.”