விலை எழுதாத 341

ஆட்டக்காரர் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைகளில் ஒரு முழு செட்டைச் சேர்க்க இறங்குகிறவர்கள், பெரும்பாலும், பெரிய ஆட்டக்காரர்களின் அட்டைகளைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அது தப்பு. பெரிய ஆட்டக்காரரின் அட்டை எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் ஏதாவது ஒரு மேசையில் இருக்கும். காசை வைத்தால் எடுத்துக் கொடுப்பார்கள். கிடைக்காதது பேர் தெரியாதவனின் அட்டைதான். அவனை யாரும் பத்திரப்படுத்தி வைக்கவில்லை. பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் செருகி ஓட்டினார்கள், மிச்சத்தை அம்மாக்கள் குப்பையில் கொட்டினார்கள்.

ஏன் என்று கேட்டீர்கள், சார். அதற்கு நான் இங்கிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அவசரமில்லையே? காபி பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது.

என் அப்பா இதே யங்ஸ்டவுனில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் விலையில்லாத பொருள் என்று ஒன்று கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கேக் செய்து கொண்டுவந்தாள். அவள் போனதும் அப்பா என்னைப் பார்த்து, "இதுக்கு என்ன கேக்கப் போறாள்னு பாரு எமில்" என்றார். மறுநாள் அவள் எங்கள் ஏணியை இரவல் கேட்டாள். அப்பா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் உபரி.

நான் சேர்த்தது ஐம்பதுகளில் வந்த ஒரு செட். ஒன்றிலிருந்து எண் போட்ட முந்நூற்று அறுபத்துநாலு அட்டைகள். கடைசி எண்களைக் குறைவாக அச்சடித்தார்கள், அதனால் நான் பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன். எளிதானவற்றை ஷூ பெட்டி ஷூ பெட்டியாக மொத்தமாக வாங்கி, நல்லதை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டேன். எல்லாம் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். ஒரு அட்டை மட்டும் முனை மழுங்கியிருந்தால், நல்ல பல்வரிசையில் ஒரு பல் கறுத்த மாதிரி, கண் அங்கேயேதான் போகும். வாங்கும்போது வேண்டிய அட்டையைத் தொடவே கூடாது. பக்கத்தில் இருப்பதை எடுத்து விலை கேட்டு, முகம் சுளித்து, வைத்துவிட்டுப் போகிற போக்கில் "இது என்ன விலை?" என்று கேட்க வேண்டும்.

இதெல்லாம் எவனுக்கும் தெரியும். முக்கியமானது ஒன்று உண்டு. உங்களுக்குக் கடைசியாக வேண்டிய அட்டை எது என்று யாரிடமும் சொல்லக்கூடாது. முந்நூற்று அறுபத்துமூன்று இருக்கிறது, ஒன்றுதான் பாக்கி என்று தெரிந்துவிட்டால், அந்த ஒன்றுக்கு விற்கிறவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கழுத்தை நீங்களே நீட்டிக் கொடுத்த மாதிரி.

என் கடைசி அட்டை 341. ரஸ் ஹாலோவே. இடதுகையால் பந்து எறிந்தவன், ஒரே ஒரு வருடம் ஆடினான், அப்புறம் பால் வண்டி ஓட்டப் போய்விட்டான் என்று சொல்வார்கள். முனை மழுங்காத, படம் ஒருபக்கம் ஒதுங்காத ஹாலோவேயைப் பதினொரு வருடம் தேடினேன். இதை ஒரே ஒரு ஆளிடம் சொல்லியிருந்தேன்.

ஆர்வில் கென்சிக்கை எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். உருக்காலையில் வேலை பார்த்தவன், என்னைவிட மூன்று வயது பெரியவன். வாய் ஓயாது. நான் விலை குறைத்துக் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "இவன் செத்தா சவப்பெட்டிக்காரன்கிட்ட இவனே எழுந்து பேரம் பேசுவான்" என்பான். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். அவன் சேர்க்கிற வருடத்தை நான் சேர்க்க மாட்டேன், என் வருடத்தை அவன் தொட மாட்டான். தேவைப் பட்டியலைப் பென்சிலில் எழுதி மாற்றிக்கொள்வோம். அவனுக்கு வேண்டியதை நான் பார்த்தால் வாங்கி, அன்றைக்கே, வாங்கின விலைக்கே கொடுக்க வேண்டும். அவனும் அப்படியே. அன்றைக்கே என்பதுதான் முக்கியம். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவன் தவறவில்லை. அதனால்தான் பட்டியலின் கடைசி எண்ணை அவனுக்குக் காட்டினேன். என் மனைவி உயிரோடு இருந்தபோது அவளுக்குக்கூடச் சொன்னதில்லை.

அக்டோபர் கடைசியில் டெல்பர்ட் என்கிற வியாபாரியிடம் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் ஹாலோவே வந்தால் சொல்லச் சொன்னேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஆர்வில் வாங்கிட்டுப் போயிட்டாரே. நல்ல அட்டை, நாலு முனையும் கத்தி மாதிரி. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னார். நான் எதுவும் சொல்லலைங்க."

நான் சிரித்துக்கொண்டே வேறு அட்டை ஒன்றுக்கு விலை கேட்டேன். அதை வாங்கவும் செய்தேன். எது என்று இப்போது ஞாபகமில்லை.

அன்று மாலை ஆர்வில் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்த வாரம் சேர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டோம், சொல்லவில்லை. என் முகத்தை முகத்தைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் நல்ல சரக்கை ஒளித்து வைத்திருப்பவன் சிரிக்கிற சிரிப்பு. அவன் வீட்டு மேசையில் கிளீவ்லாந்தில் நடக்கிற அட்டை ஏலத்தின் புத்தகம் கிடந்தது. ஏலம் நவம்பர் இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை. அதே வாரம் அவன் மனைவி லோரெய்ன் போன் செய்து, வெள்ளிக்கிழமை உங்களுக்கு அறுபத்தைந்து ஆகிறதே, வீட்டுக்குச் சாப்பிட வாங்க, உங்களுக்குப் பிடித்த, இறைச்சி வைத்த முட்டைக்கோஸ் சுருள் செய்கிறேன் என்றாள். எனக்கு அந்த நொடியே புரிந்தது. என் ஹாலோவே ஏலத்தில் போகிற நேரத்தில் என்னைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்திருக்கப் பார்க்கிறார்கள்.

மூன்று வாரம் கொடுத்தேன், சார். அவசரப்பட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. செட் சேர்க்கிறவனுக்கு வேறு எது இல்லாவிட்டாலும் பொறுமை இருக்கும்.

நவம்பர் பதினேழு ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலைய மண்டபத்தில் மாதாந்திர அட்டைச் சந்தை. ஆர்விலுக்கு இதயக் கோளாறு என்பது எல்லோருக்கும் தெரியும். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, பழுப்புக் குப்பியில், கோட்டின் இடதுபக்கப் பையில். அவன் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு ஹாட் டாக் வாங்கப் போனான். எனக்கும் சேர்த்து வாங்கி வந்தான். அதற்குள் குப்பி என் பைக்கு வந்துவிட்டது. ஹாட் டாக்குக்கு நான் காசு கொடுத்துவிட்டேன்.

மூன்று மணி வாக்கில் அவன் வீட்டுக்குப் போனோம். லோரெய்ன் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அட்டைகளை அவன் கீழறையில் வைத்திருப்பான். ஐயாயிரம் அட்டை பிடிக்கிற பெட்டி ஒன்று இருபது பவுண்டு எடைக்கு மேல் வரும். சந்தைக்குக் கொண்டுபோன பெட்டிகளை வழக்கமாக நான்தான் படியில் இறக்குவேன். அன்று எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று சொன்னேன்.

"கீழ கிடந்த காசைப் பாத்துக் குனிஞ்சிருப்ப" என்று சொல்லிவிட்டு அவனே தூக்கினான். ஆறு பெட்டி. நாலாவதை வைத்துவிட்டு ஐந்தாவதுக்கு ஏறாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மேல இருக்கு கோட்டு, எமில். மாத்திரை."

"341 எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அந்த நிலையிலும் அவன் சிரித்தான். "டெல்பர்ட் சொல்லிட்டானா? அவன் வாயில ஒண்ணும் நிக்காது."

"எங்க இருக்கு, ஆர்வில்?"

"வெள்ளிக்கிழமைக்குடா. வெள்ளிக்கிழமைக்குன்னு வச்சிருக்கேன். கோட்ட எடுத்துட்டு வா."

அவனே ஒத்துக்கொண்டான். அதைவிட வேறு என்ன வேண்டும்?

நான் மேலே போய்க் கோட்டை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், அவன் கேட்டதை நான் மறுக்கவில்லை. இடதுபக்கப் பையில் தேடினான். வலதுபக்கம், உள்பை. மறுபடி இடதுபக்கம். பெட்டியில் அட்டை தேடுகிறவன் மாதிரி, ஒழுங்காக, முதலிலிருந்து. நான் அதற்குள் அவன் ஆல்பங்களைப் பார்த்தேன். ஒன்றிலிருந்து பார்க்க வேண்டும், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரட்டினால் விட்டுப்போகும். 341 இல்லை. திரும்பியபோது அவன் கோட்டைத் தேடுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையும் எனக்குப் பழக்கம்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு முன்னமே எல்லாம் தெரியும் என்று புரிகிற நொடியில் வருகிற பார்வை.

"என்னடா பண்ணின?" என்றான். அவ்வளவுதான்.

நாலு பத்துக்கு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். அந்த நேரம் உங்களிடம் இருக்கும். அதற்கு முன் செய்வதில் அர்த்தமில்லை.

வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். வெள்ளிக்கிழமை மாலை லோரெய்ன் கறுப்பு உடையோடு என் வீட்டுக்கு வந்தாள். முட்டைக்கோஸ் சுருள், துணி போட்டு மூடியிருந்தது, அதன்மேல் ஒரு உறை. உள்ளே ஹாலோவே. கெட்டிப் பிளாஸ்டிக்கில், டெல்பர்ட் சொன்ன மாதிரியே நாலு முனையும். நாங்கள் விலை எழுதி ஒட்டுகிற சின்ன வெள்ளை ஸ்டிக்கரில், அவன் கையெழுத்தில், 'எமிலுக்கு' என்று இருந்தது. அதற்குக் கீழே, விலை எழுத வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை.

"இன்னைக்குத்தான் தரணும்னு வச்சிருந்தார். மூணு வாரமா சொல்லாம இருக்க அவர் பட்ட பாடு இருக்கே, எமில்" என்றாள்.

என்ன கேட்கிறீர்கள் என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. என்ன விலை என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்ல பெண்மணி. அவன் அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை என்பது அப்போது தெரிந்தது.

குப்பியைப் பற்றிக் கேட்டீர்கள். சந்தைக்கு முந்தின சனிக்கிழமைதான் லோரெய்ன் அதை நிரப்பி வைத்தாளாம், அதனால்தான் நீங்கள் தேடிக்கொண்டு வந்தீர்கள். ஆற்றில் போட்டிருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் சிரித்தார். எங்கள் தொழிலில் எதையும் தூக்கிப்போட மாட்டோம், சார். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே ஸ்டிக்கர் ஒட்டி, மேசை இழுப்பறையில் வைத்தேன். 'ஆர்வில், நவம்பர் 17, 1991. 25 மாத்திரை, முழுசு. நல்ல நிலை.' ஆமாம், என் கையெழுத்துதான். மாத்திரையை எடுத்தது நான், அவனைப் படியில் ஏறி இறங்க வைத்தது நான், அவன் செத்ததற்குக் காரணம் நான். இதில் எனக்குப் பேரம் இல்லை. எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும். ஆல்பத்தில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அட்டையை நான் உள்ளே வைக்கவில்லை. விலை தெரியாத பொருளை நான் எடுத்ததில்லை. ஒருவன் விலை எழுதாமல் விடுகிறான் என்றால், கையில் கொடுத்த பிறகு வாயில் வந்ததைக் கேட்கப் போகிறான் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடப் பழக்கத்துக்கு அவன் எனக்குச் செய்தது அது. வழக்கு முடிந்ததும் அதை லோரெய்னிடம் கொடுத்து, என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள். நியாயமான விலையாக இருந்தால் வாங்கிக்கொள்கிறேன்.