இரண்டு புட்டிக்கும் கறுப்புத்தாள்

எனக்கு நல்ல குரல் சார். ஆஸ்பத்திரி லேபில் புட்டி கழுவும்போது பாடுவேன். நர்ஸம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சிலர் தனியாக இருந்து ரசிப்பார்கள்.

எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா நாடகத்தில் ராஜபார்ட் எப்போதும் இளையபெருமாளுக்குத்தான். சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைக்கிறவன். எனக்குச் சேவகன் வேஷம். 'மன்னா, தூதுவன் வந்திருக்கிறான்' என்று சொல்லிவிட்டு ஈட்டியோடு மரம்போல நிற்க வேண்டும்.

போன ஐப்பசியில் இளையபெருமாள் ஆஸ்பத்திரிக்கு இருமிக்கொண்டு வந்தான். சளியை முட்டைக் களியில் தடவிக் கிருமி வளர்ப்பது என் வேலை. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார்: காசநோய்க் கிருமிக்குப் பங்காளிபோல இன்னொன்று உண்டு. காற்று இருந்தால்தான் வளரும். இருட்டில் வெளுத்திருக்கும், வெளிச்சம் பட்டால் எலுமிச்சை மஞ்சளாகும். அது ஆளுக்கு ஆள் தொற்றாது. மருந்தும் வேறு, கொடுத்தால் பிழைக்கலாம். அதனால் ஒரு புட்டியைக் கறுப்புத்தாளில் சுற்றி, இன்னொன்றை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அவன் சளியில் கிருமி வளர்ந்ததும் ஜன்னலில் வைத்தது மறுநாளே மஞ்சளாகிவிட்டது. அதைக் கொதிநீரில் போட்டுக் கழுவினேன். அவன் சளியே தடவி இருட்டில் வளர்ந்திருந்த வேறு இரண்டு புட்டி எடுத்து, இரண்டையுமே எக்ஸ்ரே கறுப்புத்தாளில் சுற்றினேன். பிறகு ஒன்றின் தாளைப் பிரித்து டாக்டரம்மாவிடம் காட்டி, "நெறம் மாறலைங்கம்மா" என்றேன். அதில் பொய் இல்லை.

டிபி என்றதும் ஊர் ஒதுங்கியது. நாடகக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே அரிதாரப் பெட்டி, ஒரே கிரீடம். அவன் தலையில் வைத்ததை இனி யார் வைப்பார்கள்? சோளக்கொல்லைக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவன் மனைவி பஞ்சவர்ணம் சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு நிற்பாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிபி மாத்திரையை ஒழுங்காகத்தான் தின்றான், நோய் கேட்கவில்லை.

மனசு கேட்காமல் நான் மட்டும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பையிலிருந்தே வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"நீயாச்சும் கிட்ட வந்தியேடா செல்லக்கண்ணு," என்று அழுதான். "புள்ளைய ஒரு தடவ தூக்கிட்டாப் போதும்டா."

"வேணாம்டா. தொத்திக்கும்," என்றேன்.

மாசியில் செத்தான். பங்குனி நாடகத்தில் நான் ராஜா. அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா மிச்சமிருந்த புட்டியில் தாளைப் பிரித்து ஜன்னலில் வைத்தார். கிருமி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆமாம் சார், தெரிந்தேதான் செய்தேன். அவனைக் கொன்றது நான்தான். ஆனால் அன்றைக்கு நான் முதல் பாட்டை எடுத்ததுமே பாதிக் கூட்டம் டீ குடிக்க எழுந்துபோனதே, அதற்கும் ஒரு கேஸ் எழுதுங்கள். துக்க வீட்டுக்காரி என்று வேலி ஓரமாக உட்கார்ந்திருந்த பஞ்சவர்ணம் மட்டும்தான், நான் பாடப் பாட விடியும்வரை அழுதுகொண்டிருந்தாள். இந்த ஊரில் ரசனை உள்ளவள் அவள் ஒருத்திதான்.