உள்பக்க முடிச்சு

பால் கறை பட்ட துணியை வெந்நீரில் போடக் கூடாது, மேடம். கறை இறுகிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் லேசாகக் கசக்கி, அப்புறம்தான் மெஷினில் போட வேண்டும். முதல் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். நானும் செய்தேன். அதைத் திருத்தியவள், நீங்கள் யாரைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்களோ, அவள்தான்.

உட்காருங்கள். குழந்தைகள் இரண்டும் உள்ளே தூங்குகின்றன. மெதுவாகப் பேசினால் போதும்.

அவளுக்குக் குணமாக நாளாகும் என்று டாக்டர் நினைக்கிறார், அதுவரை அவள் மகள் என்னிடமே இருக்கலாமா என்று குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து போனில் கேட்டீர்கள். பதில் சொல்வதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். படிப்படியாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

கீழே, வாசலை ஒட்டி, துணி துவைக்கும் அறை இருப்பதை வரும்போது பார்த்திருப்பீர்கள். வரிசையாக மெஷின்கள், எதிரே ஒரு நீளப் பலகை. நாங்கள் மூன்று பேரும் பழகியது அங்கேதான். மூவருக்கும் கொஞ்சம் முன்பின்னாகப் பிரசவம் ஆகியிருந்தது. மூவருக்கும் கூட இருந்து பார்க்க ஆள் இல்லை. என் கணவருக்குக் கப்பலில் வேலை. இரண்டாவது மாடியில் இருப்பவள் தெருமுனையில் பேக்கரி வைத்திருக்கிறாள். அவள் புருஷனால் அடுப்பை விட்டு நகர முடியாது. மூன்றாவது ஆள் தையல்காரி, நீங்கள் கேட்க வந்தவள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் அவர் ஓட வேண்டும்.

மெஷின் ஓடுகிற சத்தத்தில் குழந்தைகள் தூங்கும். அதனால் துவைக்கத் துணி இல்லாவிட்டாலும் இறங்கிப் போவோம்.

பெயர் வைப்பதெல்லாம் பேக்கரிக்காரியின் வேலை. நான் டீச்சர். தையல்காரி ஒல்லியாக இருப்பாள். "பக்கவாட்டுல நின்னா ஆளே தெரியலடி, நூல் கோத்துக்கலாம் போலிருக்கு" என்று சொல்லி, அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தாள். குழந்தைகளையும் விடவில்லை. அவள் மகன் பன்னு. ஊசியின் மகள் பட்டாணி. என் மகன் பிறக்கும்போதே கனம், அவன் உருண்டை.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. காலையில் ஒருத்தி என் வீட்டுச் சோபாவில் படுத்துத் தூங்குவாள். மற்ற இருவரும் கீழே மூன்று குழந்தைகளையும் பார்த்துக்கொள்வோம். மறுநாள் அடுத்தவள். "என்னை எழுப்பறதா இருந்தா, கட்டடம் இடிஞ்சா மட்டும் எழுப்பு. அதுவும் உன் மாடி வரைக்கும் வந்தா" என்று சொல்லிவிட்டுப் போவாள் பேக்கரிக்காரி. அந்தத் தூக்கம் மட்டும் இல்லையென்றால் மூவரில் ஒருத்திக்காவது பைத்தியம் பிடித்திருக்கும் என்று சிரித்துக்கொள்வோம். இப்போது அதைச் சொல்லும்போது எனக்கு வாய் கூசுகிறது.

தாய் அந்தப் பக்கம் போனதும் குழந்தை அழும். அதற்கு வழி கண்டுபிடித்தவள் ஊசி. பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, ஆளுக்கு ஒன்றாக ஓரம் தைத்துக் கொடுத்தாள். இரவெல்லாம் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் குழந்தையின் கன்னத்தோரம் போட்டுவிட்டுப் போக வேண்டும். தாயின் வாசனை பக்கத்தில் இருந்தால் குழந்தை ஏமாந்துவிடும் என்றாள். துணி மாறிப்போகாமல் இருக்க ஓரத்து நூலில் வித்தியாசம் வைத்தாள். எனக்கு நீலம், பேக்கரிக்காரிக்கு ஆரஞ்சு, அவளுக்குப் பச்சை.

ஊசி முடிச்சு போடுவதே தனி. நூலின் முனையை மடிப்புக்குள் செருகி உள்பக்கமாக முடிவாள். வெளியே விரலால் தடவினால் ஒன்றுமே தட்டுப்படாது. "பச்சப் பிள்ளை கன்னம், உறுத்தக் கூடாது இல்லையா டீச்சரக்கா" என்பாள்.

பன்னு ஏமாந்தான். பட்டாணி ஏமாந்தாள். என் மகன் ஏமாறவில்லை. துணி வைத்தாலும் அழுதான், நானே தூக்கினாலும் அழுதான். ஊசி வாங்கித் தோளில் போட்டதும் நிறுத்தினான். அவள் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. வாங்கினாள், அவ்வளவுதான்.

"ஏ டீச்சர், உன் மகன் மாமியார் வீட்டோட போயிட்டான்டி" என்றாள் பேக்கரிக்காரி. மூவரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, மேடம். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவளுடைய துணியை நான் எடுத்தது என் பிள்ளைக்காக. ஒருநாள் அவள் சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரி பன்னுவைத் தூக்கிக்கொண்டு கடை வரை போயிருந்தாள். என் மகன் முகம் நீலம் பாரிக்கிற அளவுக்கு அழுதான். பட்டாணியின் கன்னத்தோரம் இருந்த பச்சை ஓரத் துணியை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன். முகத்தைத் திருப்பி அதில் மூக்கைப் புதைத்தான். அப்படியே தூங்கிவிட்டான். எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள்.

அப்புறம் பட்டாணி சிணுங்கினாள். அவளிடம் ஒன்றும் இல்லாமல் விடுவது நியாயமில்லையே. என்னுடைய துணியை அவள் பக்கத்தில் வைத்தேன். அவளும் தூங்கிவிட்டாள்.

இரண்டு குழந்தைகள், இரண்டு துணிகள். யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் நிறம் காட்டிக்கொடுக்கும் இல்லையா. ஊசியின் தையல் டப்பா கீழேதான் இருக்கும், காத்திருக்கிற நேரத்தில் பொத்தான் தைப்பாள். அதிலிருந்து பச்சை நூல் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். என் துணியின் நீல ஓரத்தைப் பிரித்துப் பச்சையில் தைத்தேன். அவளுடையதை என் மகன் பக்கத்தில் வைக்கும்போது பச்சை ஓரம் வெளியே தெரியாமல் மடித்து வைத்தேன். பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பும் எடுத்திருக்கிறேன், தையல் எனக்குச் சுமாராக வரும்.

அன்றிலிருந்து தினமும் அவள் ரவிக்கைக்குள் வைத்துக் கொண்டுவருவது என் மகனுக்கு. நான் கொண்டுபோவது அவள் மகளுக்கு. துணியை விரிப்பது, திரும்ப எடுத்து அவரவரிடம் கொடுப்பது இரண்டையும் நானே எடுத்துக்கொண்டதால் மாற்றுவது சிரமமாக இல்லை. டீச்சர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வாள் என்று பேக்கரிக்காரி மெச்சினாள்.

பட்டாணி என்னிடம் ஒட்ட ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு தலையைத் தூக்குவாள். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் பிள்ளை இருந்தால் தெரியும். ஒரு குழந்தை உலகத்தில் இருக்கிற எல்லோரையும் விட்டுவிட்டு உங்களைத் தேடுவது. எனக்கு அது வரவேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. வந்த இடத்தில் வாங்கிக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் நீங்கள் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள்.

பட்டாணியை அவள் அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கும்போது, அவளுடைய உள்ளங்கால் என் கைக்குள் இருக்கும். கொடுக்கிற அந்த நொடியில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவேன். நகம் படாது. நகத்தை ஒட்ட வெட்டியிருந்தேன், பார்க்கிறீர்களா. வலிக்காது, திடுக்கிடும், அவ்வளவுதான். அம்மாவின் கைக்குப் போனதும் அழுவாள். நான் வாங்கினால் நிறுத்துவாள். சில நாட்கள் போனதும் அழுத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. குழந்தைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன.

"என்னக்கா இது, என்னைக் கண்டா அலறுது" என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள் ஊசி.

"சில குழந்தைங்க அப்படித்தான்மா. நீ பதற்றமா இருந்தா அதுக்குத் தெரிஞ்சுடும்" என்றேன்.

"நான் பதற்றமாவா இருக்கேன்?"

"கண்ணாடியில பாரேன்."

அதற்குப் பிறகு பதற்றமாக இருந்தாள். பால் குறைந்தது. தன் முறை வந்தாலும் தூங்கப் போகாமல் பலகையில் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேக்கரிக்காரி பிஸ்கட்டை வாயில் திணித்து, "தின்னுடி, நீ ஏற்கெனவே ஊசி, இப்ப நூலாயிட்ட" என்று அதட்டுவாள். அவள் சிரிக்க மாட்டாள்.

ஒருநாள் காலை, மெஷின் எதுவும் ஓடாத நேரம், மகளின் கன்னத்தோரம் இருந்த துணியை எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினாள். ஒரு மூலையில் நிறுத்தினாள். திரும்பத் தடவினாள்.

"டீச்சரக்கா, இது என் தையல் இல்ல."

"பச்சை நூல்தானே?"

"நூல் என்னுது. முடிச்சு என்னுது இல்ல. வெளிய நிக்குது பாருங்க."

வாங்கிப் பார்த்தேன். கடுகளவு முடிச்சு. நான் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். கணக்கில் ஒரு கூட்டல் குறியை விட்டதுபோல.

அப்போது இரண்டு வழி இருந்தது. ஆமாம், மாறிப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேக்கரிக்காரி ஒரு வாரம் அதை வைத்துக் கிண்டல் செய்திருப்பாள், முடிந்திருக்கும். நான் ஊசியின் தோளில் கை வைத்தேன். "நீதான் தைச்ச. தூக்கம் இல்லாம கை தடுமாறியிருக்கும். வேற யாரு தைப்பா, சொல்லு" என்றேன்.

அவள் என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். என்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை. என் முகத்தில் அவள் தேடியது தன்னைப் பற்றிய பதிலை. அது கிடைத்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா, நான்தான் தைச்சிருக்கணும்" என்றாள்.

மறுவாரம் அவள் கணவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கிரீஸ் காயவில்லை. உள்ளே வரக் கூச்சப்பட்டார்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. அவ எந்நேரமும் முடிச்சு, முடிச்சுங்கறா. வீட்டுல இருக்கற துணியெல்லாம் தடவித் தடவிப் பாக்கறா. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"பயப்படாதீங்க தம்பி. பிரசவத்துக்கு அப்புறம் சிலருக்கு மனசு இப்படி ஆகும். டாக்டர்கிட்ட காட்டறது நல்லது. மறைக்காம எல்லாத்தையும் சொல்லுங்க, அந்த முடிச்சு விஷயத்தையும்" என்றேன்.

அது நல்ல யோசனைதானே. நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

டாக்டரிடம் போவதற்கு முன்பே அது நடந்துவிட்டது. தைக்கக் கொடுத்தவர்களின் துணி, கணவரின் சட்டைகள், திரைச்சீலை, தலையணை உறை, எல்லாவற்றின் ஓரத்தையும் பிரித்துப் போட்டுவிட்டு, நூல் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். எந்த முடிச்சு தன்னுடையது என்று அவளுக்கே தெரியாமல் போயிருந்தது. பட்டாணி தொட்டிலில் அழுதுகொண்டிருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். வேறு எங்கே போவார். என் கைக்கு வந்ததும் குழந்தை அழுகையை நிறுத்தியது. "பாருங்க டீச்சர், உங்ககிட்ட எப்படி இருக்கு" என்று சொல்லிக் கும்பிட்டார்.

அன்றே அவளை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்றிலிருந்து இரண்டு குழந்தைகளும் என்னிடம். பேக்கரிக்காரி தினமும் ரொட்டி கொண்டுவந்து தருகிறாள். போன வாரம் வாசலிலேயே நின்று, "டீச்சர், ஊசி ஒருநாளும் முடிச்சை வெளிய விடமாட்டாளேடி" என்றாள். என்னிடம் கேட்பதுபோல இல்லை. ரொட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பயந்து நான் இதைச் சொல்லவில்லை, மேடம். அவளால் எதையும் நிரூபிக்க முடியாது.

நேற்று முன்தினம் மருத்துவமனைக்குப் போனேன். ஊசி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கையில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். விரல்கள் மட்டும் புடவை ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. நான் எதிரில் உட்கார்ந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுங்கக்கா. உங்ககிட்ட சொல்லாம இருந்தா மனசு ஆறாது. கொஞ்ச நாள், நீங்கதான் துணிய மாத்தறீங்கன்னு நினைச்சேன். உங்களைப் போய் அப்படி நினைச்சேன் பாருங்க. அப்பதான் எனக்கே புரிஞ்சுது, எனக்குப் புத்தி சரியில்லன்னு."

அவள் கையை நான் எடுத்துவிடவில்லை. அழுத்தவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை. இன்றுவரை இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த மன்னிப்புதான் காதில் விழுகிறது. அதனால்தான் சொல்கிறேன். டாக்டரிடம் இப்படியே சொல்லுங்கள். அவளுக்குப் புத்தி சரியாக இருக்கிறது. துணி மாறியது உண்மை. முடிச்சு அவளுடையது இல்லை. மாற்றியவள் நான். அழ வைத்தவள் நான். அவளுடைய மகளை அவளிடமிருந்து எடுத்தவள் நான். எழுதிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பட்டாணியை இன்றே கூட்டிப் போகலாம். நான் மறுக்க மாட்டேன். பால் புட்டியெல்லாம் இந்தப் பையில் இருக்கிறது. அவளைத் தூக்கும்போது காலைத் தொடாதீர்கள், திடுக்கிடுவாள்.

பழைய துணியைத் தேட வேண்டாம். ஊசியின் வாசனை இருந்த துணி அழுக்காகிவிட்டது, நேற்றுத் துவைத்துவிட்டேன். வெந்நீரில்தான். இந்தப் புதியதைக் கன்னத்தோரம் வையுங்கள், இல்லாவிட்டால் வண்டியில் அழுதுகொண்டே போவாள். மூன்று நாளாக நான் ரவிக்கைக்குள் வைத்திருந்தது. நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம், மேடம், குழந்தையின் நன்மைக்காகத்தான். பச்சை நூலிலேயே தைத்திருக்கிறேன். தடவிப் பாருங்கள். இந்த முறை முடிச்சு உள்பக்கம் போய்விட்டது. ஊசிக்கே வித்தியாசம் தெரியாது.