கருணை அடிப்படையில் ஓர் உத்தியோகம்

ஊர் மக்களுக்கு மிக முக்கியமான அறிவிப்பு ஒன்று உண்டு. தமுக்கடிக்க ஆள் அகப்படாததால் நானே சொல்லிவிடுகிறேன். தேரடித் தெருவுக்குப் பின்சந்தில் வசிக்கும் திருவாளர் ஆ. வேடியப்பன், பி.ஏ., பட்டம் வாங்கிய நாள் முதல் எந்த வேலையும் செய்யாமல் காலம் தள்ளியவர், அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டார். அந்த வேடியப்பன் நான்தான். இளநிலை உதவியாளர். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கை. விசிறி சுற்றாது, அது வேறு விஷயம்.

எப்படிக் கிடைத்தது என்று ஊரில் வேலையில்லாத பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. சொல்கிறேன்.

என் அப்பா ஆதிமூலம் அதே அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அம்மா நான் சிறுவனாக இருந்தபோதே போய்விட்டாள். வீட்டில் நானும் அவரும்தான். அதை வீடு என்று சொல்வது தவறு. அது அலுவலகத்தின் கிளை. கோயிலுக்குப் போவதென்றாலும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். தாமதமாகத் திரும்பினால் சாய்வு நாற்காலியிலிருந்து குரல் வரும்.

"நேத்து எத்தன மணிக்கு வந்த?"

"பஸ் லேட்டுப்பா."

"பஸ் மேல பழி போடாத. வேல வெட்டி இல்லாதவன் எங்கடா லேட்டா வர முடியும்? லேட்டுன்னு சொல்றதுக்கே ஒரு உத்தியோகம் வேணும்."

யாராவது வந்தால் என்னை அறிமுகப்படுத்துவார். "நம்ம பையன். பி.ஏ. வீட்டுல இருக்கான்." மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது என்பது போல. சொந்தமாக ஒரு அறை, அதற்கு ஒரு சாவி, எப்போது வந்தாய் என்று கேட்க ஆளில்லாத ஒரு கதவு. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பேராசை என்று சொல்ல முடியாது.

வழி காட்டியதும் அவர்தான். எண்பத்து மூன்றாம் வருஷம், புரட்டாசி. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நம்ம ஆபீஸ் சின்னசாமி செத்தான் இல்ல, அவன் பையன் மூர்த்திக்கு ஆர்டர் வந்துட்டுது. கருணை அடிப்படையில. பத்தாவது தாண்டல அவன். சர்வீஸ்ல இருக்கும்போதே அப்பன் போனா பையனுக்கு வேல. உனக்கு அந்த யோகமும் கெடையாது பாரு. தை மாசம் நான் ரிட்டயர் ஆயிடுவேன். எனக்கு ஒடம்பு கல்லு மாதிரி."

சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவின் நகைச்சுவைக்குச் சிரிப்பது என் வேலைகளில் ஒன்று.

உடம்பு கல் மாதிரி இல்லை. அதற்கு முந்தின கோடையிலேயே ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள மாத்திரை கொடுத்து, மாடிப்படி கூட ஏறக்கூடாது என்றார். அலுவலகத்தில் வாயுப் பிடிப்பு என்று சொல்லிக்கொண்டார். தலைமை எழுத்தரின் சட்டைப் பையில் பேனா இருக்கலாம், மாத்திரை இருக்கலாமா? அதனால் மாத்திரை என் சட்டைப் பைக்கு வந்தது. வெளியே எங்கு போனாலும் இரண்டடி பின்னால் நான். அதைப் பார்த்து ஊர் என்னை நல்ல பிள்ளை என்றது.

கார்த்திகை வந்தது. வாலிபத்தில் தீபத்தன்று நெய்க்குடத்தோடு ஓட்டமாக மலை ஏறியவர் என் அப்பா. இது அவரே சொன்னது, ஆண்டுதோறும். டீக்கடையில் அப்பாவோடு அலுவலக ஆட்கள் நாலு பேர் இருக்கும்போது, பியூன் முருகையன் என்னிடம் கேட்டான்.

"சார் இந்த வருசம் மலைக்கு வராரா?"

"வரலீங்க," என்றேன். "முன்ன மாதிரி அவரால முடியாது. வயசாயிடுச்சு இல்ல."

நான் செய்தது அவ்வளவுதான். ஒரு வாக்கியம், அதுவும் உண்மை. அப்பா டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"யாருக்குடா முடியாது? போய் ரெண்டு படி நெய் வாங்கிக்கினு வா."

தீபத்தன்று மதியம் ஏறத் தொடங்கினோம். நெய்த் தூக்கை நான் வாங்கிக்கொள்வதாக மட்டும் சொன்னேன். அப்படிச் சொன்னால் தரமாட்டார் என்று தெரியும். தரவில்லை. வழியெல்லாம் கூட்டம், அரோகரா சத்தம். பாதிக்கு மேல் ஏறியதும் பாதையை விட்டு ஒதுங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. காதோரம் வேர்வை.

"வேடி, அந்த மாத்திர குடு."

"வீட்டுலயே மறந்து வெச்சிட்டேன்பா."

நான் அணிந்திருந்தது மெல்லிய வெள்ளைச் சட்டை. வேர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அப்பா என் பையைப் பார்த்தார். மாத்திரை அட்டை துணிக்கு அடியில் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கும் மனிதர், அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் முருகையன் மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"இன்னாங்க சார், முடியலீங்களா? நா வேணா தூக்கிக்கினு கீழ எறக்கிடட்டுமா?"

தூக்கியிருப்பான். மூட்டை தூக்கிய உடம்பு அது. அப்பா ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் தடுத்திருக்க முடியாது.

"யாருக்குயா முடியல? வாயு. நீ மேல போ. பையன் கூட இருக்கான் இல்ல."

முருகையன் போய்விட்டான். பியூன் முதுகில் மலையிறங்க மனம் வராமல் அப்படிச் சொன்னாரா, என்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமலா? வீம்பு என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அதுதான் வசதி.

நான் அவரை விட்டு எங்கும் போகவில்லை. மற்றப் பிள்ளைகள் போல் ஓடிவிடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்து, உச்சியில் தீபம் எரிந்து, மலை முழுக்க அரோகரா என்று அதிர்ந்தபோது நானும் சொன்னேன். கை அதற்குள் சில்லிட்டிருந்தது.

பிறகு கூட்டத்தைக் கூப்பிட்டேன். தீபத்தன்று, மலைமேல், பெற்ற பிள்ளை கையில் உயிர் போவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அறிமுகமில்லாதவர்கள் எல்லாம் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். உயிரோடு இருந்தபோது அவர் எதிர்பார்த்த மரியாதை அதுதான். ஆக, அவருக்கும் நஷ்டம் இல்லை.

ஆர்டர் ஆடியில் வந்தது. கருணை அடிப்படையில்.

முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். எத்தனை மணி என்று கேட்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. பை வைக்காத சட்டையாகத் தைக்கச் சொன்னேன். தையல்காரர், "கவர்மெண்ட் உத்தியோகம் சார், பேனா வைக்கவாவது பை வேணாமா?" என்று வருத்தப்பட்டார். பை இல்லாத இடத்தையும் அப்பா பார்த்தார். சாய்வு நாற்காலியைக் கோயில் மடத்துக்குத் தானமாகக் கொடுத்தேன். பாயில் உட்கார்ந்துகொண்டார். ஏதாவது ஒரு வார்த்தை பேசினால் தேவலை என்று இருக்கும். அந்தப் பழைய அதட்டல் கூடப் போதும். நானே சில நாள், "பஸ் லேட்டுப்பா" என்று சொல்லிப் பார்த்தேன்.

போன மாதம் வேங்கிக்கால் பக்கம் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். ஒரு கூடம், ஓர் அறை, கதவுக்கு நல்ல பூட்டு. சாமான் வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. சாவியைத் திருப்பி நானே திறந்தேன். உள்ளே பாய் கூட இல்லை. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்பாவைக் கொன்றதில் எனக்கு வேலை கிடைத்தது. தனி வீடு கிடைக்கவில்லை.