நாலாவது ஆளாகப் போன கல்

சாயங்காலம் ஆறரை மணி. ஏலகிரி மலைப் பாதை. மேலே ஏறுகிற வண்டி அது ஒன்றுதான்... இறங்குகிற வண்டி ஒன்றுகூட இல்லை. வண்டியின் பின்சீட்டில், ஜன்னல் ஓரமாக, பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

சிரிக்காதீர்கள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நம் நாராயணசாமியின் மருமகன் அருள்முருகனுக்கு நடந்தது இது. நேரு வீதிப் பக்கம் செல்போன் பழுது பார்க்கிறவன். பொய்யே பேசாத ஆள் ஒன்றும் இல்லை. ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

கூட்டாளிகள் நாலு பேர். அருள்முருகன், ரிஹான், இராமதாஸ், கலைவாணன். ஒரு மாதமாகப் போனில் இதே பேச்சு. சனி, ஞாயிறு மலைக்குப் போக வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது. மாமனாரின் காரை இராமதாஸ் கெஞ்சி வாங்கினான். ஓட்டலில் சாப்பிட வேண்டாமென்று ரிஹானின் அம்மா கனீஸ் பாத்திமா தூக்கு நிறையத் தக்காளிச் சோறு கட்டிக் கொடுத்தார். ஊர் எல்லையில் கோரிமேடு தாண்டினால் விலை ஏறிவிடும், அதற்குள் பெட்ரோல் போட்டுவிட வேண்டும் என்பதுவரை பேசியாகிவிட்டது. நாலு கட்டில் போட்ட அறையைப் போனிலேயே பிடித்தார்கள். படத்தில் பெரிய நீச்சல் குளம், பூச்செடி, ஊஞ்சல். படத்தை நம்பிப் பணம் கட்டுகிறவனை என்ன சொல்ல? அதுவும் திருப்பித் தராத பணம்.

மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு முத்தியால்பேட்டையில் கலைவாணன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. கைலியோடு வெளியே வந்தான் அவன்.

"நான் வரலடா. பாக்கியத்துக்கு எட்டு மாசம். வுட்டுட்டு வர மனசு கேக்கல."

"இன்னாடா விளையாடுறியா? இத ஒரு மாசமா சொல்றதுக்கு இன்னா?" என்று அருள்முருகன் எகிறினான்.

"அப்ப மூணு பேரு" என்றான் இராமதாஸ் வண்டிக்குள்ளிருந்து. "மூணு பேரா நான் வண்டிய எடுக்க மாட்டேன். ஒரு கல்ல எடுத்துப் போடு."

இது நம் வீடுகளில் உள்ளதுதான். மூன்று பேராகக் கிளம்பினால் ஒரு கல்லை எடுத்து நாலாவது ஆளாக வைத்துக்கொள்வோம். போன காரியம் முடிந்ததும் வீசிவிடுவோம். ஆனால் அந்தக் கல்லுக்குப் பெயர் கிடையாது. யாரும் பெயர் வைக்கவும் மாட்டார்கள்.

அருள்முருகன் வைத்தான். கோபம். தெருவில் எத்தனையோ கல் கிடக்க, கலைவாணன் வீட்டுப் படியோரம் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கறுப்புக் கல்லை எடுத்தான்.

"நீ வராட்டி போடா. உன்னயத் தூக்கிக்கினு போறேன் பாரு." கல்லைப் பார்த்து, "வா கலை, ஏறு" என்றான்.

கலைவாணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வரேன். ஜன்னல் ஓரமா உக்கார வைங்கடா" என்றான்.

அங்கேதான் வினை. ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இன்னொருவன் வருகிறேன் என்றுவிட்டான்.

திருவண்ணாமலை தாண்டியதும் வண்டி கத்த ஆரம்பித்தது. ணிங்... ணிங்... ணிங்... பெல்ட் போடாத ஆள் இருந்தால் கத்துமே, அது. மூன்று பேருமே போட்டிருந்தார்கள். ரிஹான் வேடிக்கையாகக் கல்லுக்கும் பெல்ட்டை மாட்டினான். சத்தம் நின்றது.

"ஐயாவுக்கு மரியாதை குடுக்கலன்னு கோவம்" என்றான் ரிஹான்.

மலை ஏறி நாலைந்து வளைவு திரும்பியிருப்பார்கள். அருள்முருகனின் போன் அடித்தது. கலைவாணன்.

"அருளு... ஜன்னல ஏத்துங்கடா. குளுருது."

"டேய், நீ எங்க இருக்க?"

"வூட்டுலதான். போர்வை போத்திக்கினு படுத்துருக்கேன். முடியல... ஜன்னல ஏத்துங்கடா."

சித்திரை மாதம். முத்தியால்பேட்டையில் சுவரைத் தொட்டால் சுடும். அருள்முருகன் திரும்பிப் பார்த்தான். வண்டியில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருந்தது. கல் பக்கத்து ஜன்னல்.

இராமதாஸ் வண்டியை ஓரம் கட்டினான். "மலைக்கு வந்தாச்சு. இதோட வேல முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் பின்கதவைத் திறந்து, கல்லை எடுத்து, தடுப்புச் சுவருக்கு அப்பால் வீசிவிட்டான்.

"டேய், வேணாம்டா!" என்று அருள்முருகன் கத்தியது வீணாகப் போயிற்று.

கீழே டொக் என்று ஒரு சத்தம். இன்னொரு டொக். அப்புறம்... போனுக்குள்ளே தொப் என்று கேட்டது. அதற்குப் பின்னால் அவன் மனைவி பாக்கியலட்சுமியின் அலறல்.

"அண்ணா! அவரு கட்டில்லேர்ந்து வுழுந்துட்டாருண்ணா! கண்ணு தொறந்தே இருக்கு... பேச மாட்டேங்குறாரு. ஒடம்பு கல்லு மாதிரி சில்லுனு இருக்குண்ணா. எதனா பண்ணுங்கண்ணா!"

அருள்முருகன் தன் போனை ரிஹானிடம் கொடுத்து, அவன் போனை வாங்கிக்கொண்டு சுவரைத் தாண்டிக் கீழே இறங்கினான். செல்போன் வெளிச்சம்தான். அழுகின பலாப்பழ நாற்றம். முட்செடி காலைக் கிழித்தது. சரிவு முடிகிற இடத்தில் வெளிச்சத்தை அடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கல் இருந்தது. ஒரு கல் இல்லை... குவியல். ஆற்றில் உருண்ட கூழாங்கல், சுண்ணாம்பு பூசின செங்கல் துண்டு, உடைந்த அம்மி, கடப்பா, கருங்கல். அந்த மலையின் கல் ஒன்றுகூட இல்லை. மூன்று பேராக வந்தவர்கள் எத்தனை பேர் அந்த வளைவில் வண்டியை நிறுத்திக் கல்லை வீசியிருந்தார்களோ!

கறுப்பாக மட்டுமே பத்திருபது கிடந்தன.

"கலை!" என்று கூப்பிட்டான். எதுவும் அசையவில்லை. மேலேயிருந்து ரிஹான் கத்தினான். "சீக்கிரம் வாடா! மூச்சு கம்மியா வருதாம்!"

கையில் அகப்பட்டதில் அதே கனம் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டான். திரும்பி ஏறும்போது, மற்ற கற்கள் ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொள்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது... இடம் விட்டு எழுந்திருக்கிற மாதிரி.

அறையும் வேண்டாம், குளமும் வேண்டாமென்று வண்டி அப்படியே திரும்பியது. நடுராத்திரி தாண்டின நேரத்தில் கலைவாணன் வீட்டுப் படியோரம் கல்லைப் பழைய இடத்தில் வைத்தான் அருள்முருகன். தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருந்தார். ஆட்டோகூட வந்து நின்றது.

ஆனால் கட்டிலில் கலைவாணன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். வெளுத்திருந்த முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. தண்ணீர் கேட்டு வாங்கி ஒரு செம்பு முழுக்கக் குடித்தான். பாக்கியலட்சுமி அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவன் காலை மெல்ல இழுத்துக்கொண்டான். கூச்சத்தோடு அவளைப் பார்த்தான். அருள்முருகனைப் பார்த்தான்.

"யாரும்மா நீங்க? எங்க சின்னப்பொண்ணு தேடிக்கினு இருப்பா. என்னக் கொண்டுபோயி வூட்டுல வுட்டுருங்க."

அந்தத் தெருவிலேயே சின்னப்பொண்ணு என்று யாரும் கிடையாது.

இது நடந்து ஒரு வருடம் ஓடிவிட்டது. கலைவாணன் உடம்பில் வந்திருக்கிற ஆள் கெட்டவன் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகிறான். சம்பளத்தை அப்படியே பாக்கியலட்சுமி கையில் கொடுக்கிறான். அருள்முருகன்தான் இளைத்துப்போனான். ஞாயிறு தவறாமல் அந்த வளைவுக்குப் போகிறான். குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கலையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். இன்னொரு கல்லை எடுத்துவரத் துணிச்சல் இல்லை. அடுத்து யார் வருவார்களோ, யார் கண்டது?

பாக்கியலட்சுமிக்கு ஆண் குழந்தை. இப்போது தத்தித் தத்தி நடக்கிறது. அப்பா என்று அவனிடம்தான் ஓடுகிறது. அவன் கையை நீட்டுவான்... அப்புறம் நிறுத்திக்கொண்டு, அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்பான்.

"தூக்கலாமாம்மா?"