சீக்கில்லாத பிள்ளை வேண்டும்

"சீக்கில்லாத புள்ளையாப் பார்த்துக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க மச்சான்."

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்து இந்தக் குரல் வந்தது. பேசியவரின் மடியில் ஆறேழு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவருடைய மச்சான்.

"நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு மாப்ளே ஆஸ்பத்திரி?"

"இவ தூக்கத்துல துள்ளுறாளேன்னு மூளை ஓட்டத்தை மிஷின்ல எடுத்தாங்கல்ல, அதுல ஒரு கோடு எகிறுது. அது வலிப்பா, இல்ல நம்ம பக்கத்துப் புள்ளைகளுக்கே அப்படித்தான் ஓடுமான்னு சொல்ல முடியலையாம். ஒத்துப் பார்க்க வெளிநாட்டுப் புள்ளைக படந்தான் இருக்காம். தெரிஞ்சாத்தான் மாத்திரை வேணுமா வேணாமான்னு சொல்லுவாங்க."

"அப்ப இங்கிட்டு உள்ள புள்ளைகளை எடுக்க வேண்டியதுதானே?"

"யாரு மச்சான் அனுப்புறா? தலையில ஒயரை ஒட்டுனா ஊரு என்ன பேசும்னு பயப்படுறாங்க. ஒங்க பயலுக்கும் இவ வயசுதானே..."

மச்சான் தூங்கும் பிள்ளையின் தலையைத் தடவினார். "வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலியெல்லாம் இல்ல. ஒங்க தங்கச்சி இவளுக்கு எண்ணெயை வழிய வழியத் தேச்சுச் சீவிவிட்டா. ஒயரு ஒட்டாம வழுக்கி, மொத நாள் திருப்பி அனுப்பிட்டாங்க. அம்புட்டுதான்."

"கல்யாண வீட்டுக்குன்னு நெனச்சுட்டாளோ?"

இருவரும் சிரித்தார்கள். திருமயம் கோட்டை கண்ணில் படும்போது மச்சான் வீட்டுக்குப் போன் போட்டார்.

"நாளைக்குப் பயலுக்குப் பள்ளிக்கூடம் வேணாம். தலைக்குச் சீயக்காய் போட்டு ஊத்திவிடு, எண்ணெய் மட்டும் வைக்காத... அட, அவன் நல்லாத்தான் இருக்கான். அதனாலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."